வழிக்கயிறு

இடுக்கி மாவட்டத்தின் எல்லையைக் கிழக்கே கடந்தால் கொடைக்கானல் மலைப்பகுதி தொடங்குகிறது. அங்குள்ள குணா குகையின் ஆழமான பிளவு ஒன்றில் 2006ஆம் ஆண்டு கேரள இளைஞர் ஒருவர் தவறி விழுந்தார். அவருடைய நண்பர் கயிற்றின் துணையோடு உள்ளே இறங்கி அவரை உயிருடன் மீட்டார். அந்நிகழ்ச்சி பின்னாளில் திரைப்படமாக வந்தமையால், எல்லைப்புற ஊர்களில் அதை அறியாத சிறுவர் மிகச் சிலரே. அங்கே கயிறு செய்த வேலை, மனிதரின் எடையைத் தாங்கி மேலே கொண்டுவருவது.

நீர் நிறைந்த குகைகளும் உலகில் உண்டு. அவற்றுள் முக்குளித்துச் செல்வோரின் உயிரையும் ஒரு கயிறே காக்கிறது. ஆனால், அது யாரையும் இழுப்பதில்லை. சில மில்லிமீட்டர் தடிப்பே உள்ள அம்மெல்லிய கயிறு, வெளியேறும் வழி எது என்பதை மட்டும் காட்டுகிறது. அதனை வழிக்கயிறு எனலாம்.

குளத்தில் மூழ்கியவர் மூச்சு முட்டினால் மேல்நோக்கி நீந்தி வெளியே வரலாம். நீர் நிறைந்த குகையில் தலைக்கு மேலே இருப்பது பாறை. சென்ற வழியாகவே திரும்ப வேண்டும். உள்ளே செல்லும்போது நீர் பளிங்குபோல் தெளிந்திருக்கலாம். காலில் அணிந்த துடுப்பு ஒருமுறை தரையில் பட்டால் போதும். அடியில் படிந்த வண்டல் எழுந்து நீர் முழுவதும் கலங்கிவிடும். அதன்பின் விளக்கு இருந்தும் பயனில்லை. மூணாறு மலைப்பாதையில் மூடுபனியினூடே பேருந்தில் சென்றவர்களுக்கு இது எளிதில் விளங்கும். விளக்கொளி பனியில் பட்டு ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்பி வருமன்றோ?

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் இத்தகைய குகைகள் பல உள்ளன. அங்கே முக்குளித்தோர் பலர் உயிரிழந்தனர். செக் எக்ஸ்லி என்னும் வல்லுநர் அவ்விபத்துகளை ஆராய்ந்து, 1979இல் ஒரு நூலாக வெளியிட்டார். குகைவாயிலிலிருந்து தொடர்ச்சியாக வழிக்கயிறு கட்டாமல் சென்றது, திரும்புவதற்குப் போதிய காற்றை மிச்சம் வைக்காதது, அளவுக்கு மீறிய ஆழத்துக்குச் சென்றது ஆகியவையே பெரும்பாலான இறப்புகளுக்குக் காரணம் என்று அவர் கண்டார். காற்றுக்கு ஒரு கணக்கு உண்டு. உருளையில் 180 பங்கு காற்று இருந்தால், 60 பங்கு தீர்ந்ததும் திரும்பிவிட வேண்டும். திரும்பும் வழிக்கு 60. எஞ்சிய 60 இடருக்கு, அதாவது பெரும்பாலும் உடன்வந்தவருக்கு.

உடன்வந்தவர் காணாமற்போனால் என்ன செய்வது? முதலில் தம்மிடமுள்ள காற்றின் அளவைப் பார்க்க வேண்டும். அடுத்து, தம் விளக்கைக் கையால் மறைத்து, மற்றவரின் ஒளி எங்கேனும் தெரிகிறதா என நோக்க வேண்டும். வழிகள் பிரியும் இடங்களில் ஒவ்வொருவரும் தம் அடையாள வில்லையைக் கயிற்றில் மாட்டிவிட்டுச் செல்வதும், வெளியேறும்போது தமதை மட்டும் எடுத்துக்கொள்வதும் வழக்கம். நண்பரின் வில்லை அங்கில்லை எனில் அவர் முன்னரே வெளியேறிவிட்டார். இருந்தால் இன்னும் உள்ளேதான் இருக்கிறார். ஒரு சொல்லும் பேச இயலாத இடத்தில் அச்சிறு வில்லை பேசுகிறது.

தேடுவதற்கும் எல்லை உண்டு. இடருக்கென வைத்த காற்று தீரும் வரை தேடலாம். அதன்பின் நண்பரை விட்டு வெளியேற வேண்டும். கேட்பதற்குக் கொடியதாகவே தோன்றும் விதி இது. ஆயினும், இருவரும் உள்ளேயே மாண்டால் எங்கே தேடுவது என்று சொல்லக்கூட ஆள் இராது. வெளியேறுபவர் வழிக்கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வருவதில்லை. வாயிலின் திசையைக் காட்டும் அம்புக்குறியை அதில் மாட்டிவிட்டு வருகிறார். அம்பின் கூர்முனையை இருளிலும் விரலால் தடவி அறியலாம்.

கயிற்றைத் தவறவிட்டவர் செய்யவேண்டிய முதல் வேலை நீந்தாமல் நிற்பது. பதற்றத்தில் நீந்துபவர் கயிற்றைவிட்டு மேலும் விலகிப்போகக்கூடும். தம்மிடமுள்ள சிறிய கயிற்றுச் சுருளின் நுனியைப் பாறையில் கட்டி, அதை விடாது பிடித்தபடி ஒரு திசையில் தடவிப் பார்க்க வேண்டும். வழிக்கயிறு அகப்படாவிட்டால், கட்டிய இடத்துக்கே மீண்டு வேறு திசையில் தேட வேண்டும்.

தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 2018ஆம் ஆண்டு ஜூன் 23 அன்று 12 சிறுவர்களும் அவர்களுடைய கால்பந்து உதவிப் பயிற்சியாளரும் வெள்ளத்தால் சிக்கிக்கொண்டனர். ஜூலை 2 அன்று ஜான் வோலந்தன், ரிக் ஸ்டாண்டன் என்னும் பிரித்தானிய முக்குளிப்போர் இருவர் கயிறு கட்டியபடி உள்ளே முன்னேறினர். கையிலிருந்த கயிறு தீர்ந்துபோகவே வோலந்தன் நீருக்கு மேலே தலையை உயர்த்தினார். மனித வாடை வீசியது. 13 பேரும் உயிருடன் இருந்தனர்.

நான்கு நாள் கழித்து, குகைக்குள் காற்று உருளைகளை வைத்துவிட்டுத் திரும்பிய சமன் குணன் என்னும் தாய்லாந்துக் கடற்படையின் முன்னாள் வீரர் உயிரிழந்தார். நீரை இறைக்கும் பணியில் ஆலோசனை கூற இந்தியாவின் கிர்லோஸ்கர் நிறுவனப் பொறியாளர்களும் அங்குச் சென்றிருந்தனர்.

ஜூலை 8 முதல் 10 வரை சிறுவர்கள் வெளியே கொண்டுவரப்பட்டனர். அஞ்சித் துள்ளாதிருக்க அவர்களுக்கு மயக்க மருந்து தரப்பட்டது. முக்குளிப்பவரின் ஒரு கையில் சிறுவன். மற்றொரு கையில் கயிறு. இறுதிநாளில் கிறிஸ் ஜூவல் என்பவரின் கையிலிருந்து கயிறு நழுவியது. கலங்கிய நீரில் எதுவும் தெரியவில்லை. மயங்கிய சிறுவனைப் பற்றியபடியே அவர் இருளில் துழாவினார். கையில் தட்டுப்பட்டது வழிக்கயிறன்று. மீட்புப் பணியின்போது குகைக்குள் போடப்பட்டிருந்த மின்கம்பி. அது எத்திசையில் செல்கிறது என்பதை அறியாவிட்டாலும், அவர் அதை விடவில்லை. அதைப் பற்றிச் சென்று நீருக்கு மேலே வந்தபோது, தாம் புறப்பட்ட அறைக்கே திரும்பியிருப்பதைக் கண்டார். சிறுவன் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தான். அங்கிருந்து அவனும் பத்திரமாக வெளியே கொண்டுசெல்லப்பட்டான்.