கணினியின் வாசல்: நுழைவுத்திரையை நம் விருப்பப்படி அமைப்பது எப்படி?

கணினியைப் போட்டதும் முதலில் நம்மை நிறுத்தி, "யாரு?" என்று கேட்கிற திரை இருக்கிறதே, அதைத்தான் நுழைவுத்திரை என்கிறோம். ஒரு பெயர், ஒரு படம், கடவுச்சொல் தட்ட ஒரு கட்டம், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் மேசைத்திரைப் படத்தை நம் வீட்டுப் பிள்ளைகள் நாளுக்கு மூன்று முறை மாற்றிவிடுகிறார்கள். இந்த வாசல் திரையை மாற்றப் போனால் மட்டும் எங்கோ இடிக்கிறது. ஏன் இடிக்கிறது என்று புரிந்தால் மாற்றும் வழியும் புரிந்துவிடும்.

மேசைத்திரைக்குச் சொந்தக்காரர் உண்டு. அப்பா நுழைந்தால் அப்பாவின் படம், மகள் நுழைந்தால் மகளின் படம். நுழைவுத்திரை தோன்றும் நேரத்திலோ இன்னும் யாருமே உள்ளே வரவில்லை. யார் விருப்பப்படி படத்தைக் காட்டுவது? அதனால் இயங்குதளமே தன் அதிகாரத்தில் அதை வரைந்துவிடுகிறது. இன்னொரு காரணமும் உண்டு. நாம் கடவுச்சொல்லைக் கொடுக்கும் இடம் அது. அச்சு அசலாக அதே தோற்றத்தில் ஒரு போலித் திரையை எவனாவது வைத்துவிட்டால், கடவுச்சொல் போச்சு! 1993-இல் வந்த விண்டோஸ் என்.டி., கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொன்னது இதற்காகத்தான். சாதாரண நிரல் எதுவும் அந்த மூன்று விசைகளை இடைமறிக்க முடியாது. அழுத்தினால் அசல் திரைதான் வரும்.

2001-இல் வந்த எக்ஸ்பி, வீடுகளுக்கு இந்தக் கெடுபிடியைத் தளர்த்தியது. நீலத் திரையில் பெயர்கள் வரிசையாக நின்றன. பக்கத்தில் ஒரு சின்னப் படம்: ரப்பர் வாத்து, கிடார், சதுரங்கக் காய் என்று. நம் வீட்டுப் பெரியவர்களுக்கெல்லாம் அந்த மஞ்சள் வாத்து எப்படிப் பொருந்தியது என்பது வேறு விஷயம்! சின்னப் படத்தைச் சுலபமாக மாற்றலாம். பின்னணியும் எழுத்தும் மட்டும் 'லாகான் யு.ஐ.' என்ற நிரல் கோப்புக்குள்ளேயே பொதிந்திருந்தன. ஆர்வலர்கள் அந்தக் கோப்பையே பிரித்து, படத்தை மாற்றி, திரும்ப வைத்தார்கள். அதில் கோளாறு வந்தால் வாசலே அடைபட்டுவிடும். முகம் தெரியாத ஒருவர் திருத்திய நிரலை இறக்கி வாசலில் உட்கார வைப்பது, வீட்டுச் சாவியை வழிப்போக்கரிடம் கொடுப்பது மாதிரிதான்.

2009-இல் வந்த விண்டோஸ் 7-இல் நல்ல வழி ஒன்று பிறந்தது. கணினி தயாரிக்கும் கம்பெனிகள் தங்கள் படத்தைப் போட்டுக்கொள்ள மைக்ரோசாஃப்ட் ஓர் ஏற்பாடு வைத்திருந்தது. பதிவேட்டில் ஒரு மதிப்பை மாற்றி, குறிப்பிட்ட கோப்புறையில் 256 கே.பி.க்குக் குறைவான படத்தை வைத்தால் போதும். அளவு மிஞ்சினால் பழைய படமே வந்து நிற்கும். விண்டோஸ் 10, 11-இல் இந்தப் பாடெல்லாம் இல்லை. செட்டிங்ஸில் 'பர்சனலைசேஷன்', அதில் 'லாக் ஸ்கிரீன்'. படத்தைத் தேர்ந்தெடுத்து, அதே படத்தை நுழைவுத்திரையிலும் காட்டச் சொல்லும் பொத்தானைப் போட்டுவிட வேண்டியதுதான். 2019-க்குப் பிறகு படம் மங்கலாகத் தெரியும். பிடிக்காதவர்கள் 'டிரான்ஸ்பரன்சி எஃபெக்ட்ஸ்' என்பதை அணைத்துவிடலாம்.

லினக்ஸில் இந்தத் திரையைக் காட்டும் நிரலுக்குக் 'கிரீட்டர்' என்றே பெயர், அதாவது வரவேற்பவர். லினக்ஸ் மின்ட்டில் இதற்கென்று 'லாகின் விண்டோ' என்ற அமைப்பே உண்டு. ஆனால் நிறையப் பேர் தடுமாறும் இடமும் இதுதான். படத்தைத் தேர்ந்தெடுப்பார்கள், திரையில் வராது. கிரீட்டர் உங்கள் பெயரில் ஓடுவதில்லை, தனிப் பயனராக ஓடுகிறது. உங்கள் சொந்தக் கோப்புறை பூட்டியிருந்தால் அதற்குள் இருக்கும் படத்தை அதனால் எட்டிப் பார்க்க முடியாது. எல்லோரும் படிக்கக்கூடிய பொதுக் கோப்புறையில் படத்தை வைத்தால் வந்துவிடும்.

இனி நமக்கு முக்கியமான விஷயம். தமிழகத்துக்கு வெளியே வளரும் நம் பிள்ளைகள் தங்கள் பெயரைத் தமிழ் எழுத்தில் பார்ப்பதே அபூர்வம். பள்ளியில் ஆங்கிலம், தெருவில் இந்தியோ மராத்தியோ வங்காளமோ. படத்தை விட, நுழைவுத்திரையில் அவர்கள் பெயரைத் தமிழில் வைப்பதுதான் உண்மையான அலங்காரம் என்பேன். கணக்கைத் தொடங்கும்போதே தமிழில் பெயர் கொடுத்துவிடாதீர்கள். அந்தப் பெயரிலேயே கோப்புறையும் உண்டாகும். தமிழ் எழுத்துள்ள கோப்புறையைக் கண்டால் சில நிரல்கள் மிரளும். முதலில் ஆங்கில எழுத்தில் கணக்கைத் தொடங்குங்கள். பிறகு கன்ட்ரோல் பேனலில் 'யூசர் அக்கவுன்ட்ஸ்' போய், கணக்கின் பெயரை மட்டும் தமிழில் மாற்றுங்கள். திரையில் தமிழ் தெரியும். உள்ளே கோப்புறை பழையபடியே இருக்கும். இது அந்தக் கணினிக்குள்ளேயே உள்ள கணக்குக்குத்தான். மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் இணையத்தில் உள்ள பெயரை மாற்றவேண்டும்.

பெயர் தமிழில் இருக்கட்டும். வாசலில் விசைப்பலகை ஆங்கிலத்தில் இருப்பதே நல்லது. கடவுச்சொல் கட்டத்தில் வெறும் புள்ளிகள்தான் தெரியும். தமிழ் விசைப்பலகை முன்னால் நின்றால் சரியாகத் தட்டினாலும் "தவறு" என்றே வரும், காரணமும் தெரியாது. திரையின் வலது மூலையில் மொழிக் குறியைப் பார்த்துவிட்டுத் தட்டுங்கள்.

வாசல் திரையை உள்ளே வராதவர்களும் பார்க்கிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆபீசுக்கும் ரயிலுக்கும் போகும் மடிக்கணினியில் குழந்தைகளின் பள்ளிச் சீருடைப் படம் வேண்டாம். விண்டோஸ் மின்னஞ்சல் முகவரியையும் காட்டக்கூடும்; 'சைன் இன் ஆப்ஷன்ஸ்' பகுதியில் அதை நிறுத்தலாம். ஆனால் வெளியார் பார்க்கட்டும் என்றே வைக்கவேண்டிய ஒன்று உண்டு. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது இரண்டு ராத்திரி ரயிலில் கழிகிறது. இறங்கும் அவசரத்தில் பை மாறிப்போவது சகஜம். 'கண்டெடுத்தவர் இந்த எண்ணுக்குப் பேசவும்' என்று ஒரு வரி திரையில் இருந்தால், திருப்பித் தர நினைப்பவருக்கு வழி தெரியும். மேக் கணினியில் 'லாக் ஸ்கிரீன்' அமைப்பிலேயே இதற்கு இடம் இருக்கிறது. விண்டோஸ் புரோ பதிப்பில் 'லோக்கல் செக்யூரிட்டி பாலிசி'க்குள் நுழைவுச் செய்தி எழுதலாம். வீட்டு எண்ணை எழுதுங்கள், அல்லது உடன் வராத உறவினரின் எண்ணை. அந்த வரியை இந்தியிலும் ஆங்கிலத்திலும் சேர்த்தே எழுதிவிடுங்கள். பை எந்த ஸ்டேஷனில் இறங்கும் என்று யார் கண்டது?