தாத்தா ஏன் பழசையே பேசுறார்?

"திரும்ப அதே கதையா?"ன்னு எழுந்து போயிடுவீங்க. கனடா உளவியலாளர் ஜெஃப்ரி வெப்ஸ்டர் அதுக்கு ஒரு அளவுகோலே செய்தார். 43 வாக்கியங்கள், 8 காரணங்கள். போரடிக்குது, இறந்தவரை மனசுல நெருக்கமா வெச்சுக்கணும், சாவுக்குத் தயாராகணும், இளையவங்களுக்குச் சொல்லித்தரணும்... பழைய கசப்பைக் கிளறுறதும் அதில் ஒண்ணு. எவ்வளவு அடிக்கடின்னு 1 முதல் 6 வரை மார்க்.

இதைச் சீன முதியவர்களிடம் கொண்டுபோக வெறும் மொழிபெயர்ப்பு போதாது. சீனத்தில் 'நாலு' என்ற சொல் 'சாவு' மாதிரி ஒலிக்கும். அதனாலேயே ஹாங்காங்கில் பல கட்டிடங்களில் நாலாம் மாடி என்ற எண்ணே கிடையாது! அப்படிப்பட்ட ஊர்ப் பாட்டியிடம் "சாவுக்குத் தயாராகத்தான் பழசை நினைக்கிறீங்களா?"ன்னு கேட்டா மனசுல இருக்குறது வருமா? அதனால அந்த 8 காரணமும் அவங்க பதில்களிலும் தனித்தனியா பிரியுதான்னு முதல்ல சோதிக்கணும்.

மொத்த மார்க் ஒண்ணா இருந்தாலும், பேரனுக்குச் சொல்லித்தர நினைக்கிறவரும் கசப்பைக் கிளறுறவரும் ஒண்ணு இல்ல. மனச்சோர்வோட தொடர்பு ரெண்டாவதுக்குத்தான்.