தங்கும் நாள் முடிந்தால் ஓட்டும் உரிமையும் முடியும்

டெக்சாஸில் ஒரே நாளில், ஒரே அலுவலகத்தில், ஒரே தேர்வில் தேறிய இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் அமெரிக்கக் குடிமகன். அவருடைய லைசென்ஸ் எட்டு ஆண்டுக்குச் செல்லும். இன்னொருவர் எச்-1பி விசாவில் கோயம்புத்தூரிலிருந்து போன கணினிப் பொறியாளர். அவருக்குக் கிடைத்த அட்டையில் இருப்பதோ பதினான்கு மாதம் கழித்து வரும் ஒரு தேதி. பக்கத்திலேயே 'லிமிடெட் டேர்ம்', அதாவது வரையறுத்த காலத்துக்கு மட்டும், என்று அச்சடித்திருக்கிறது.

பொறியாளர் நன்றாகத்தான் ஓட்டினார். தேதிக்கும் அவர் ஓட்டிய விதத்துக்கும் தொடர்பே கிடையாது. அது குடியேற்றத் துறை வைத்திருக்கும் அவருடைய கோப்பின் தேதி. போக்குவரத்து அலுவலகம் அதைப் பார்த்து அப்படியே அட்டையில் எழுதிக் கொடுக்கிறது. அமெரிக்காவுக்குத் தற்காலிகமாகப் போகும் பணியாளர், மாணவர், அவர்களின் துணைவர், அடைக்கலம் கேட்டுக் காத்திருப்பவர் என எல்லோருக்கும் இதுதான் விதி. புதிதாகப் போகிறவர்கள் பெரும்பாலும் முதல் லைசென்ஸ் கையில் வந்த பிறகே இதைத் தெரிந்துகொள்கிறார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா எப்போது முடிகிறது என்பதை வைத்து லைசென்ஸ் தேதி முடிவாவதில்லை. விசா என்பது வாசலில் நுழைவதற்கான அனுமதி. உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பதைச் சொல்வது ஐ-94 என்ற பதிவு. விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி அதை உண்டாக்குகிறார். இப்போது காகிதமாகத் தருவதில்லை, இணையத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். தங்கும் காலத்தை உள்நாட்டிலிருந்தே நீட்டித்தால் ஐ-797 என்ற ஒப்புதல் கடிதத்தின் அடியில் புதிய ஐ-94 வரும். விசா முடிந்துபோயிருந்தாலும் ஐ-94 உயிரோடிருந்தால் லைசென்ஸ் கிடைக்கும். விசாவுக்கு இரண்டு ஆண்டு பாக்கி இருந்து ஐ-94 மூன்று மாதத்தில் முடிவதாக இருந்தால், லைசென்ஸும் மூன்று மாதம்தான்.

சுனாமி மசோதாவில் ஏறி வந்த சட்டம்

இந்த ஏற்பாட்டின் வேர் 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் இருக்கிறது. விமானங்களைக் கடத்தியவர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் அமெரிக்க அடையாள ஆவணம் ஏதோ ஒன்றைப் பெற்றிருந்தார்கள்; அவற்றில் சில மோசடியாகப் பெறப்பட்டவை. அவர்களில் ஒருவரை 2001 ஏப்ரலில் ஓக்லஹோமாவில் வேகமாக ஓட்டியதற்காகக் காவலர் நிறுத்தினார். கலிபோர்னியா லைசென்ஸைச் சரிபார்த்து, அபராதச் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். தாக்குதலை விசாரித்த ஆணையம் 2004-ல் அறிக்கை தந்தபோது, அடையாள ஆவணங்களுக்கு நாடு முழுக்க ஒரே தரம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அமெரிக்காவில் ஆதார் போன்ற தேசிய அட்டை இல்லை. மாநில அரசுகள் தரும் லைசென்ஸ்தான் அன்றாடத்தில் அந்த வேலையைச் செய்கிறது.

பரிந்துரையைத் தொடர்ந்து வந்ததுதான் 'ரியல் ஐடி' சட்டம். தனி மசோதாவாக அது பிரதிநிதிகள் அவையில் 2005 பிப்ரவரியில் நிறைவேறியது. பிறகு நடந்ததைத் தமிழ் வாசகர் அறிந்திருக்க வேண்டும். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்ச் செலவுக்கும், 2004 டிசம்பர் சுனாமியில் பாதிக்கப்பட்ட நாடுகளுக்கான நிவாரணத்துக்கும் பணம் ஒதுக்கும் பெரிய மசோதா ஒன்று அப்போது அவையில் இருந்தது. ரியல் ஐடி சட்டத்தை அதோடு சேர்த்துவிட்டார்கள். வீரர்களுக்கான பணத்தையும் சுனாமி நிவாரணத்தையும் எதிர்த்து யார் ஓட்டுப் போடுவார்? செனட்டில் 100-0. அதிபர் ஜார்ஜ் புஷ் 2005 மே 11 அன்று கையெழுத்திட்டார். அந்தச் சட்டத்தின் தலைப்பிலேயே 'சுனாமி நிவாரணம்' என்ற சொற்கள் இன்றும் இருக்கின்றன.

தற்காலிகமாகத் தங்குபவர் பற்றி அந்தச் சட்டம் சொல்வது சுருக்கமானது. லைசென்ஸ் அவருடைய அனுமதிக்கப்பட்ட தங்கும் காலத்துக்கு மட்டுமே செல்லும். தங்கும் காலத்துக்குத் திட்டமான முடிவு இல்லையென்றால் ஓராண்டு. அட்டை தற்காலிகமானது என்பது அதன்மேல் தெளிவாகத் தெரிய வேண்டும். தங்கும் காலம் நீட்டிக்கப்பட்டதற்கான சான்றைக் காட்டினால்தான் புதுப்பிக்கலாம். இதில் கடைசி விதிதான் ஆளைப் படுத்துகிறது.

மாநிலங்கள் பல ஆண்டுகள் இழுத்தடித்தன. காலக்கெடு திரும்பத் திரும்பத் தள்ளிப்போனது. உள்நாட்டு விமானப் பயணத்தில் இந்தத் தரத்தைக் கேட்கத் தொடங்கியது 2025 மே 7-ல்தான். ஆனால் தேதியைத் தங்கும் காலத்தோடு கட்டிப்போடும் வழக்கம் அதற்கு வெகு முன்பே பெரும்பாலான மாநிலங்களில் வந்துவிட்டது.

ஒரே வீட்டில் இரண்டு தேதி

எச்-1பி முதலில் மூன்று ஆண்டு வரை கிடைக்கும். பிறகு நீட்டிக்க வேண்டும். முடியும் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே நிறுவனம் மனுச் செய்யலாம். பழைய தேதி முடிவதற்குள் மனு போய்விட்டால், முடிவு வராவிட்டாலும் அதே நிறுவனத்தில் 240 நாள் வரை வேலையைத் தொடரலாம் என்று மத்திய அரசின் விதியே அனுமதிக்கிறது. அதாவது அலுவலகத்துக்குப் போகலாம். காரில் போகலாமா என்பது வேறு கேள்வி. லைசென்ஸின் தேதி பழைய ஐ-94-ஓடு முடிந்திருக்கும். மனு பெற்றுக்கொண்டதற்கான ரசீதை வைத்துச் சில மாநிலங்கள் கொஞ்ச காலம் நீட்டித் தருகின்றன. சில, ஒப்புதல் வரட்டும் என்று திருப்பி அனுப்புகின்றன. ஒரு அரசாங்கம் வேலைக்குப் போ என்கிறது, இன்னொன்று வண்டியை எடுக்காதே என்கிறது. டாலஸ் புறநகர்களில் பேருந்தை நம்பி வேலைக்குப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இது என்ன விதமான அனுமதி என்று.

நிறுவனம் கூடுதலாக 2,800 டாலருக்கு மேல் கட்டினால் 15 வேலை நாளில் எச்-1பி மனுவுக்குப் பதில் கிடைக்கும். பிரச்சினை அத்தோடு முடிந்ததா என்றால், அவருக்கு முடிந்தது. மனைவி துணைவருக்கான எச்-4-ல் இருப்பார். அவருடைய நீட்டிப்பு தனி விண்ணப்பம். அந்த விண்ணப்பத்துக்குப் பணம் கட்டி வேகப்படுத்தும் வசதி கிடையாது. கணவரின் லைசென்ஸ் புதுப்பிக்கப்பட்டுவிடும். பிள்ளையைப் பள்ளியில் விட்டு, மளிகை வாங்கி, நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போகிறவரின் லைசென்ஸ் மாதக்கணக்கில் முடிந்தே கிடக்கும். இந்த விதியின் சுமை யார்மேல் அதிகம் விழுகிறது என்று கேட்டால், என் பதில் இதுதான்: வீட்டில் இருக்கும் பெண்களின்மேல்.

அடுத்த கண்ணி பாஸ்போர்ட். எச்-1பி ஒப்புதல் இன்னும் இரண்டரை ஆண்டுக்கு இருக்கும். ஊருக்கு வந்து திரும்புகிறார். பாஸ்போர்ட் எட்டு மாதத்தில் முடியப்போகிறது. விமான நிலையத்து அதிகாரி ஐ-94-ஐப் பெரும்பாலும் பாஸ்போர்ட் முடியும் தேதி வரைதான் தருவார். அதைக் கவனிக்காமல் இரண்டரை ஆண்டு இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பார். லைசென்ஸ் புதுப்பிக்கப் போகும்போது அந்த எட்டு மாதத் தேதி வெளியே வரும். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் ஐ-94 தானாக நீளாது. புதிய பாஸ்போர்ட்டோடு வெளிநாடு போய்த் திரும்ப வேண்டும். அல்லது நீட்டிப்பு மனுப் போட வேண்டும். ஒரு வகையில் லைசென்ஸ் அலுவலகம் இங்கே உதவியே செய்கிறது. அங்கே தெரியவராமல் போயிருந்தால், அனுமதி இல்லாமல் தங்கியதாக ஆகிவிட்டிருக்கும்.

மாணவர் கதை வேறு. அவர்களின் ஐ-94-ல் தேதி இருக்காது. படிப்பு உள்ளவரை என்ற பொருளில் 'டி/எஸ்' என்ற இரண்டெழுத்து மட்டும் இருக்கும். அதனால் பல மாநிலங்கள் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் உள்ள படிப்பு முடியும் தேதியை எடுத்துக்கொள்கின்றன. மே மாதம் பட்டம், மே மாதமே லைசென்ஸ் காலாவதி. பயிற்சி வேலைக்கான அனுமதி அட்டை வந்தால்தான் அடுத்த லைசென்ஸ். அது தாமதமானால் புது ஊரில் புது வேலைக்கு வாடகைக் காரில்தான் போக வேண்டியிருக்கும். இந்த 'டி/எஸ்' முறையையே எடுத்துவிட்டு, அதிகபட்சம் நான்கு ஆண்டு என்று தேதி போடலாம் என அமெரிக்க அரசு 2025 ஆகஸ்டில் ஒரு விதியை முன்மொழிந்தது.

தமிழர்களுக்கென்றே ஒரு தனிச் சிக்கலும் உண்டு. போக்குவரத்து அலுவலகம் விண்ணப்பதாரரின் விவரத்தைக் குடியேற்றத் துறையின் 'சேவ்' என்ற கணினி அமைப்பில் சரிபார்க்கும். பொருந்தினால் சில நொடியில் பதில் வந்துவிடும். பொருந்தாவிட்டால் கூடுதல் ஆய்வு என்று கோப்பு நாள்கணக்கில் நிற்கும். நம்மவர்களுக்குக் குடும்பப்பெயர் இல்லை. தகப்பன் பெயரின் முதலெழுத்துதான். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் அவருடைய சொந்தப் பெயர் குடும்பப்பெயர் இடத்துக்குப் போய்விடும். முதற்பெயர் இடத்தில் 'பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கமாக 'எஃப்என்யூ' வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு ஆவணத்தில் அப்படி, இன்னொன்றில் தகப்பன் பெயரைச் சேர்த்து, மூன்றாவதில் வெறும் முதலெழுத்து என்றிருந்தால் கணினி என்ன செய்யும்? அமெரிக்கா போகும் முன்பே பாஸ்போர்ட்டில் இரண்டு கட்டத்தையும் நிரப்பிக்கொள்வது பின்னால் வரும் பல தொல்லையை ஒழிக்கும்.

முடிந்த லைசென்ஸோடு ஓட்டினால்

ஓட்டக் கூடாது. பல மாநிலங்களில் செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவது வெறும் அபராதத்தோடு போகாது. குற்ற வழக்காகப் பதிவாகும். குடிமகனுக்கு அது ஒரு தொல்லை. தற்காலிகமாகத் தங்கியிருப்பவருக்கோ அடுத்த விசா விண்ணப்பத்தில் பதில் சொல்ல வேண்டிய ஒரு கேள்வி. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனத்தோடு வாதாட வேண்டியிருக்கும். கிரீன் கார்டு வரிசையில் பத்தாண்டுக்கும் மேல் நிற்கும் இந்தியர்கள் வீடு வாங்கி, வரி கட்டி, பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிய பின்னும் இந்த வரையறுத்த கால அட்டையோடுதான் இருக்கிறார்கள். அடைக்கல மனு நிலுவையில் உள்ளவர்கள், அவர்களில் இலங்கைத் தமிழரும் உண்டு, எந்த முடிவும் தெரியாமல் குறுகிய காலத்துக்கு ஒருமுறை அதே சன்னலில் போய் நிற்க வேண்டும்.

ஒரு மாற்று வழி சில மாநிலங்களில் இருக்கிறது. ரியல் ஐடி தரத்தில் இல்லாத சாதாரண லைசென்ஸைக் கலிபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி, இல்லினாய் போன்றவை குடியேற்ற நிலையைப் பாராமல் தருகின்றன. விமானம் ஏற அது உதவாது. ஆனால் இந்தியப் பாஸ்போர்ட்டைக் காட்டியே உள்நாட்டு விமானத்தில் போகலாம். டெக்சாஸில் இந்த வழி இல்லை.

இந்தத் தேதி விவகாரம் பிழைப்பையே பறித்ததும் உண்டு. ஃபுளோரிடாவில் 2025 ஆகஸ்டில் குடியேறிய ஒருவர் ஓட்டிய லாரியால் நடந்த விபத்தில் மூவர் இறந்தபின், குடியேறியவர்களின் கனரக வாகன லைசென்ஸ்களை மத்திய போக்குவரத்துத் துறை மேலும் தீவிரமாகத் துருவியது. அந்த நவம்பரில் கலிபோர்னியா சுமார் 17,000 பேருக்கு அறிவிப்பு அனுப்பியது. லைசென்ஸில் உள்ள தேதி அவர்களின் தங்கும் அனுமதியைத் தாண்டிப் போகிறது. ஆகவே 60 நாளில் ரத்து என்றது அறிவிப்பு. அவர்களில் பஞ்சாபிலிருந்து போன சீக்கியர்கள் ஏராளம். அட்டையில் அந்தத் தேதியை அச்சிட்டது அலுவலகம். வாங்கிக்கொண்டவர் செய்த தவறு என்று ஒன்றும் இல்லை.

தங்கும் அனுமதி முடிந்தவரிடம் செல்லுபடியாகும் அடையாள அட்டை இருக்கக் கூடாது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் காலத்துக்குள் மனுப் போட்டு, பதிலுக்காகக் காத்திருப்பவர் அந்த வகை அல்லர். அவரை 240 நாள் வேலை செய்ய விடும் அரசு, அதே 240 நாள் லைசென்ஸும் தானாக நீளும் என்று ஒரு வரி சேர்த்தால் இந்தக் கட்டுரையில் சொன்ன தொல்லைகளில் பாதி போய்விடும். அதற்கு யாரும் புதிய அலுவலகம் கட்ட வேண்டியதில்லை.

அதுவரை பார்த்துக்கொள்ள வேண்டியது நாம்தான். ஒவ்வொரு முறை அமெரிக்காவுக்குள் நுழைந்ததும் ஐ-94-ஐ இணையத்தில் எடுத்துத் தேதியைப் பாருங்கள். ஊருக்கு வரும்போது பாஸ்போர்ட்டில் ஓராண்டுக்கும் குறைவாக இருந்தால் திரும்பும் முன் புதுப்பித்துவிடுங்கள். ஆறு மாதம் இருக்கும்போதே நீட்டிப்பு மனுவைப் போடச் சொல்லி நிறுவனத்தை நச்சரியுங்கள். துணைவரின் மனுவும் அதே உறையில் போகிறதா என்று கேளுங்கள். வரையறுத்த கால லைசென்ஸை இணையத்தில் புதுப்பிக்கலாம் என்று எண்ணி இருந்துவிடாதீர்கள். பெரும்பாலும் நேரில்தான் போக வேண்டும், அதற்கும் முன்பதிவு வேண்டும்.