பயிர் காப்பீடு: பணம் வாங்க ஆள் உண்டு, பதில் சொல்ல ஆள் இல்லை!

எட்டயபுரம் வட்டார மானாவாரி விவசாயிகள் குமுறல்

எட்டயபுரம்:-

மழை பொய்த்தாலும் போச்சு, கொட்டித் தீர்த்தாலும் போச்சு. இதுதான் எட்டயபுரம் கரிசல் காட்டு விவசாயியின் பிழைப்பு. உளுந்து, பாசி, மக்காச்சோளம், மிளகாய், கொத்தமல்லி எல்லாம் வானத்தை நம்பித்தான்.

இவர்களைப் போன்றவர்களுக்காக 2016ல் வந்தது பிரதமர் பயிர் காப்பீட்டுத் திட்டம். ராபி பருவ உளுந்து, பாசிக்கு காப்பீட்டுத் தொகையில் 1½ சதவீதத்தை விவசாயி கட்டவேண்டும். மிளகாய் போன்றவற்றுக்கு 5 சதவீதம். மீதி பிரீமியம் மத்திய, மாநில அரசுகள் தருவது. அதாவது, ஊரார் வரிப்பணம்!

அடங்கல், சிட்டா, ஆதார், பாங்கு பாஸ்புக் என்று கட்டுக் காகிதத்தோடு அலைந்து, கடைசி தேதிக்குள் கட்டியாக வேண்டும்.

யாரைக் கேட்பது?

பயிர் போன பிறகுதான் கூத்தே ஆரம்பம். மகசூல் கணக்கில் அவனவன் காட்டை தனியாகப் பார்ப்பதில்லை. சில இடங்களில் சோதனை அறுவடை செய்து, அந்தப் பகுதி முழுவதற்கும் சராசரி போடுகிறார்கள்.

"பக்கத்து ஊருக்கு வந்த பணம் நமக்கு ஏன் வரலை?" இதுதான் கேள்வி. வேளாண்மை ஆபீஸ் கம்பெனியைக் கைகாட்டுகிறது, கம்பெனி ஆள் மேலிடத்தைக் கைகாட்டுகிறார் என்பது விவசாயிகள் புகார். அந்த மேலதிகாரி இருப்பதோ எங்கோ தொலைதூர நகரத்தில். அவர் முகத்தை இங்கே யாரும் பார்த்ததில்லையாம்!

இழப்பீடு தாமதமானால் 12 சதவீத வட்டி தரவேண்டும் என்று 2018ல் விதி வந்தது. அந்த வட்டியை யாரிடம் போய்க் கேட்பது?

கூண்டில் ஏறிய சேர்மன்

இன்சூரன்ஸ் பெரிய மனிதர்களை ஜனங்கள் முன்னால் நிறுத்தவே முடியாதா? முடியும். 1958ல் நடந்தது.

1957ல் எல்.ஐ.சி., முந்த்ரா என்ற தொழிலதிபரின் கம்பெனி பங்குகளை சுமார் 1¼ கோடி ரூபாய்க்கு வாங்கியது. பாலிசிதாரர் பணம்! பாராளுமன்றத்தில் பெரோஸ் காந்தி போட்டு உடைத்தார். பம்பாய் ஐகோர்ட்டு தலைமை நீதிபதி சாக்ளா பகிரங்கமாக விசாரித்தார். உள்ளே இடம் போதாமல் வெளியே ஒலிபெருக்கி கட்டினார்கள். எல்.ஐ.சி. சேர்மன் காமத், நிர்வாக இயக்குநர் வைத்தியநாதன் எல்லோரும் சாட்சி சொன்னார்கள். நிதி மந்திரி டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவியே போயிற்று.

கரிசல் காட்டுக்காரன் அவ்வளவெல்லாம் கேட்கவில்லை. தூத்துக்குடியில் கலெக்டர் நடத்தும் குறைதீர்க்கும் நாளில், பொறுப்புள்ள அதிகாரி ஒருவர் வந்து உட்காரட்டும். ஊர் வாரியாக மகசூல் கணக்கை வாசிக்கட்டும்.

பிரீமியத்துக்கு கடைசி தேதி உண்டு. பதிலுக்கும் ஒரு தேதி வேண்டாமா?