மனு போடுவதும் அரசியல்தான்

சிதம்பரத்தில் நான் போடும் ஓட்டு அரியலூர், ஜெயங்கொண்டம், குன்னம் மக்களின் ஓட்டோடு சேர்ந்து ஒரு எம்.பி.யை டெல்லிக்கு அனுப்புகிறது. கடலூர் முதுநகரில் இருக்கும் என் தம்பியின் ஓட்டு நெய்வேலி, பண்ருட்டி, திட்டக்குடியோடு சேர்ந்து இன்னொருவரை அனுப்புகிறது. எங்கள் இருவருக்கும் மாவட்டம் ஒன்று, கலெக்டர் ஒருவர், எம்.பி. மட்டும் வேறு. கடலூர் மாவட்டத்தின் 9 சட்டமன்றத் தொகுதிகளில் சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோவில் மூன்றும் சிதம்பரம் நாடாளுமன்றத் தொகுதிக்குள் வருகின்றன. மற்ற ஆறும் கடலூர் தொகுதி. இந்தக் கணக்கு தெரியாமல் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு தப்பான வாசலில் காத்திருப்பவர்கள் எங்கள் பக்கம் நிறைய.

தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் "போஸ்டாபீஸ் அக்கா" வீட்டுக்குத்தான் வருவார்கள். வந்ததும் பேச்சு இப்படித்தான் தொடங்கும்.

"அக்கா, பெரிய எடமாப் பாத்து எழுதுங்க. சி.எம்.முக்கே போட்டுடுங்க."

"என்ன விஷயம்?"

"தெருவுல சாக்கடை அடைச்சிக்கிச்சு."

சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் குப்பைக்கும் வார்டு கவுன்சிலர் இருக்கிறார். கிராமமென்றால் ஊராட்சி அலுவலகம். பட்டா, முதியோர் உதவித்தொகை தாசில்தார் ஆபீஸ் விவகாரம். பள்ளிக்கூடம், அரசு ஆஸ்பத்திரி, அரசு பஸ் இவற்றுக்கு எம்.எல்.ஏ. இருக்கிறார். ரயில், தேசிய நெடுஞ்சாலை, தபால், என்.எல்.சி. எல்லாம் மத்திய அரசின் கையில் இருப்பதால் எம்.பி.யிடம் போக வேண்டும். முதலமைச்சருக்குப் போடும் மனுவும் கடைசியில் அதே நகராட்சி மேஜைக்குத்தான் வந்து சேரும். வழியில் நாட்கள்தான் போகும்.

அடுத்து, அவர்களால் என்ன முடியும் என்று தெரிந்திருக்க வேண்டும். எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய், தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.வுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி நிதி உண்டு. அந்தப் பணம் அவர்கள் கைக்கு வருவதில்லை. இன்ன இடத்தில் இன்ன வேலை என்று அவர்கள் பரிந்துரைப்பார்கள். மாவட்ட நிர்வாகம் செய்து முடிக்கும். வகுப்பறை, தண்ணீர்த் தொட்டி, பேருந்து நிழற்குடை போல ஊருக்குப் பொதுவாக நிலைத்து நிற்கும் வேலைகளுக்குத்தான் பெரும்பாலும் அது. எம்.பி. நிதியில் குறைந்தது 15 சதவீதம் பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்குப் போக வேண்டும் என்பது விதி. காலனிக்குச் சாலை கேட்பவர்கள் மனுவில் இதை ஒரு வரி எழுதலாம். அது சலுகை கேட்பதாகாது.

நிதியைவிடப் பெரிய ஆயுதம் கேள்வி. மக்களவையில் கூட்ட நாட்களின் முதல் ஒரு மணி நேரம் கேள்வி நேரம். உறுப்பினர் முறைப்படி கொடுத்த கேள்வி ஏற்கப்பட்டால் அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் அவைக் குறிப்பில் ஏறிவிடும். நட்சத்திரக் கேள்விக்கு வாய்மொழியாகப் பதில், மற்றதற்கு எழுத்தில். ஆகவே ரயில் நிறுத்தம் கேட்டு எம்.பி.க்கு எழுதுபவர்களிடம் நான் சொல்வது இதுதான்: "ஆவன செய்யவும்" என்று முடிக்காதீர்கள். ரயில்வே அமைச்சரிடம் கேட்க வேண்டிய கேள்வியை நீங்களே இரண்டு வரியில் எழுதிக் கொடுங்கள். அவருடைய உதவியாளருக்குப் பாதி வேலை மிச்சம்.

பிரதிநிதி மனது வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் மாவட்டத்திலேயே சாட்சி ஓடுகிறது. கடலூர் முதுநகரில் 1890-ல் பிறந்த அஞ்சலையம்மாள் விடுதலைப் போராட்டத்தில் பலமுறை சிறை சென்றவர். 1937-ல் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தீர்த்தாம்பாளையம் மக்கள் குடிதண்ணீருக்குத் தவித்தபோது, புவனகிரிக்குப் பக்கத்தில் வீராணம் கால்வாயிலிருந்து ஒரு கிளை வெட்ட வைத்தார். இன்றும் அதற்கு அஞ்சலை வாய்க்கால் என்றுதான் பெயர்.

ஆனால் எல்லாக் குறைக்கும் அஞ்சலையம்மாள் கிடைக்க மாட்டார். அப்போது கைகொடுப்பது ஆதாரம். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய குடிகாடு, ஈச்சங்காடு பக்கத்து மக்கள் பல காலமாக "நாத்தம் தாங்க முடியல" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2004-ல் அவர்களில் சிலர் பயிற்சி எடுத்துக்கொண்டு, எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்த மாதிரி வாடை என்று நோட்டுப் போட்டுக் குறித்தார்கள். வாளிக்குள் பை பொருத்திய எளிய கருவியால் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். நச்சு வாயுக்களின் பெயரும் அளவும் தாளில் வந்த பிறகு, "உங்களுக்கு அப்படித் தோணுது" என்று யாரும் சொல்லித் தப்ப முடியவில்லை.

கோரிக்கை தெளிவாக இருந்தால் அதுவே பாதி பலம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013-ல் அரசு தன் நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டது. ஆனாலும் அதன் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். கட்டணம் ஆண்டுக்கு 5 லட்சத்துக்கு மேல் இருந்தது. மற்ற அரசுக் கல்லூரிகளில் அப்போது அது 13,610 ரூபாய். 2020 டிசம்பரில் போராட்டத்தில் உட்கார்ந்த மாணவர்கள் கேட்டது ஒன்றுதான்: அரசுக் கல்லூரிக்கு அரசுக் கட்டணம். யாருக்கும் விளக்கவுரை தேவைப்படவில்லை. எதிர்க்கட்சித் தலைவர்கள் அதை அப்படியே அறிக்கையாக்க முடிந்தது. 2021 ஜனவரியில் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டது. கட்டணமும் பின்னர் குறைந்தது. அந்த ஏப்ரலில் சட்டமன்றத் தேர்தல் இருந்ததையும் மறக்க வேண்டாம். தேர்தலுக்கு முந்தைய மாதங்களில் அரசாங்கத்துக்குக் காது கொஞ்சம் நன்றாகவே கேட்கும்.

இனி மனு எழுதும் முறை. ஒரு மனுவில் ஒரு கோரிக்கை, ஒரே பக்கம். வார்டு எண் அல்லது சர்வே எண், ஒரு போட்டோ, முன்பு கொடுத்த மனுவின் தேதி, தெருக்காரர்களின் கையெழுத்து. நேரில் கொடுத்தால் நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். தபாலில் போட்டால் ரசீதை மனு நகலோடு பின் செய்து வையுங்கள். பதிவுத் தபால் 2025-ல் விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டது. அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்று அதிலும் பார்க்கலாம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளிலும் மனு கொடுக்கலாம். 2025 ஜூலை 15-ல் இதே சிதம்பரத்தில் தொடங்கிய "உங்களுடன் ஸ்டாலின்" முகாம்களில் 45 நாளில் தீர்வு என்றார்கள். எங்கே கொடுத்தாலும் மனு எண்ணை வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. என் மனு எந்த அதிகாரியிடம், எந்த நிலையில் உள்ளது என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தப் பதிலின் நகலோடு எம்.எல்.ஏ.வைத் திரும்பப் பாருங்கள். எங்களுக்குப் பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் அங்கன்வாடிக் கட்டடத்துக்காக இப்படித்தான் விடாமல் போனார்கள். கட்டடம் வந்துவிட்டது. கழிப்பறை வரவில்லை, அதற்கு அடுத்த மனு தயார்.

"கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதச் சொல்பவர்களுக்கு நான் அந்த வரியை எழுதிக் கொடுப்பதில்லை. ஓட்டுக் கேட்டு அவர்கள் நம் வாசலுக்கு வந்தார்கள். வேலை கேட்டு நாம் அவர்கள் வாசலுக்குப் போகிறோம். உங்கள் கவுன்சிலர், எம்.எல்.ஏ., எம்.பி. மூவரின் பெயரும் அலுவலக முகவரியும் இன்றே ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள். கிராமத்தில் இருப்பவர்கள் அடுத்த கிராம சபைக்குப் போய் உட்காருங்கள். உங்கள் கோரிக்கை தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.