தண்டாலும் இன்சுலினும்

நீரிழிவு என்றவுடன் முதுமையும் இனிப்புப் பண்டமும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆயின் சிறுவரையும் இளைஞரையும் பற்றும் முதல் வகை நீரிழிவு இனிப்பு உண்டதால் வருவதன்று. உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழிப்பதால் அது தோன்றுகிறது. 1922 சனவரியில் டொராண்டோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது. அதற்கு முன் இந்நோய் கண்ட பிள்ளைகள் நெடுநாள் வாழ்ந்ததில்லை. இன்றோ அவர்கள் ஓடலாம், ஆடலாம், பளுவும் தூக்கலாம்.

எனினும், “ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளைக்குத் தேகப்பயிற்சி எதற்கு?” என்று மைதானத்தின் ஓரத்தில் அமர்த்திவைக்கும் பெற்றோர் நம்மிடையே உளர். பெண்பிள்ளையாயின் தடை இரட்டிப்பாகும். அன்பு மிகுதியால் விளையும் இத்தடையால் உடலும் நலியும், உள்ளமும் சோரும்.

உழைக்கும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையை ஈர்த்துக்கொள்கிறது. நெடுநேரம் ஓடினால் சர்க்கரை விரைந்து இறங்கும். தண்டால், பஸ்கி, பளு தூக்குதல் போன்ற வலுப்பயிற்சியில் அது பெரும்பாலும் மெல்லவே இறங்கும். கடுமையாகச் செய்தால் சற்று நேரம் ஏறவும் கூடும். அட்ரீனலின் என்னும் சுரப்பு, ஈரலில் சேர்ந்துள்ள சர்க்கரையை வெளிப்படுத்துவதே காரணம். இதைக் கண்டு அஞ்சி, மருத்துவர் வகுத்த அளவை மீறி இன்சுலின் போடலாகாது. பின்னர் இரவு உறக்கத்தில் சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும். ஓட்டத்திற்கு முன்பே வலுப்பயிற்சியை முடித்துக்கொண்டால் ஓடும்போது சர்க்கரை அவ்வளவு இறங்குவதில்லை என ஆய்வாளர் கண்டுள்ளனர். மேலும், வளர்ந்த தசை சர்க்கரையைச் சேமிக்கும் களஞ்சியமன்றோ!

பயிற்சிக்கு முன்னும் பின்னும், உறங்கப் போகுமுன்னும் சோதனை செய்தல் வேண்டும். தொடங்குமுன் 90 மில்லிகிராமுக்குக் குறைந்திருந்தால் சிறிது உண்ணவேண்டும். 250க்கு மேற்பட்டுக் கீட்டோனும் காணின், அப்போது பயிற்சி வேண்டா. 70க்குக் கீழ் இறங்கினால் உடனே நிறுத்தி 15 கிராம் குளுக்கோஸ் தந்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும்.

தமிழ் வழங்காத ஊர்களில் வாழும் நமக்கு இன்னொரு கடமையும் உண்டு. நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் ஆகிய தாழ்சர்க்கரைக் குறிகளையும், செய்யவேண்டிய உதவியையும் பள்ளியில் வழங்கும் மொழியில் ஓர் அட்டையில் எழுதி ஆசிரியரிடம் அளித்தல் வேண்டும். ஆபத்து வேளையில் பிள்ளை வாய் திறந்து கேட்க இயலாமற் போகலாம், அட்டை பேசும்.

மருத்துவரைக் கலந்து, சிறு அளவில் தொடங்கி, வாரம் மும்முறையேனும் நம் பிள்ளைகள் பயிலட்டும். ஊசியை மறைத்து வாழ்வதினும் உடலுரம் பெற்று வாழ்வதே சிறப்பு.