கழித்த கிளைகளும் எழும் புகையும்

ஐப்பசி மழைக்கு முன்னரும் புயலுக்குப் பின்னரும் நம் தெருக்களில் மரக்கிளைகள் கழிக்கப்படுகின்றன. வெட்டுவதற்கு அரைநாள் போதும். வெட்டிய தழையை அகற்றுவதுதான் பெரும்பாடு. வண்டி வாடகை யாரைச் சேர்ந்தது என்று பேசாமலே வேலை தொடங்கிவிடுவதால், மாலையில் குவியலுக்குத் தீ வைத்துவிட்டுத் தொழிலாளர்கள் புறப்பட்டுவிடுகின்றனர். இதில் அவர்களை மட்டும் குறை கூறுதல் முறையன்று. அப்புகையை மிக அருகில் நின்று சுவாசிப்பவர்களும் அவர்களே.

ஈரமுள்ள இலையில் நெருப்பின் வெப்பம் பெரும்பாலும் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. ஆகவே பச்சைத் தழை கொழுந்துவிட்டு எரியாமல் கனன்று புகைகிறது. அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடும், 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய நுண்துகள்களும் மிகுதியாக வெளிப்படுகின்றன. இத்துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் தடைபடாமல் நுரையீரலின் காற்றுப்பைகள் வரை செல்லக்கூடியவை. மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் நிலத்தை ஒட்டிய குளிர்காற்றின்மேல் வெப்பக்காற்று மூடிபோல் படிந்துவிடும். புகை மேலெழாமல் தாழ்வாரத்திலேயே தங்கிவிடும். சாலை நடுவிலும் தோட்டத்திலும் வளர்க்கப்படும் அரளியை எந்தப் பருவத்திலும் எரிக்கலாகாது. அதன் புகையும் நச்சுடையது.

சட்டமும் இதில் தெளிவாகவே உள்ளது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், தெருவிலும் பொதுவெளியிலும் கழிவை எரிப்பதைத் தடுத்தன. தோட்டக்கழிவைத் தனியே சேர்த்து வைத்து, உள்ளாட்சி அமைப்பின் அறிவுரைப்படி அகற்றுமாறும் கூறின. அதே ஆண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், திறந்தவெளியில் கழிவை எரிப்பவருக்கு 5,000 ரூபாயும், பெருமளவில் எரிப்பவருக்கு 25,000 ரூபாயும் சுற்றுச்சூழல் இழப்பீடாக விதிக்க ஆணையிட்டது. இங்கிலாந்தில் மரத்தொழிலாளர்கள் வெட்டிய இடத்திலேயே 24 மணி நேரத்தில் 10 டன் வரை எரிக்கப் பதிவுசெய்து விலக்குப் பெறலாம். ஆயினும் அண்டை வீட்டாருக்குப் புகைத்தொல்லை தரலாகாது. வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் நம் ஊர்களுக்கு அம்முறை பொருந்தாது என்பதே எங்கள் கருத்து.

ஆஸ்துமாவோ நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயோ உடையவர் வீட்டில் இருக்க, அருகே புகை எழுந்தால், முதலில் புகை வரும் பக்கத்துச் சன்னல்களை அடைத்து, நோயாளியை எதிர்ப்பக்க அறைக்கு மாற்றுங்கள். ஈரத்துணியும் துணி முகக்கவசமும் நுண்துகளைத் தடுப்பதில்லை. முகத்தோடு நன்கு பொருந்திய என்95 கவசம் துகளைக் குறைக்கும். ஆனால் வாயுவைத் தடுக்காது. மூச்சுத்திணறல் ஏற்பட்டால், மருத்துவர் எழுதித்தந்த உடனடி நிவாரண இன்ஹேலரைக் காலந்தாழ்த்தாமல் பயன்படுத்துங்கள்.

உடனிருந்து கவனிப்போர் பலரும் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரையே நம்பியிருக்கின்றனர். கார்பன் மோனாக்சைடு கலந்த இரத்தத்தையும் அக்கருவி ஆக்சிஜன் நிறைந்த இரத்தமாகவே கணக்கிட்டு, நல்ல எண்ணையே காட்டக்கூடும். ஆதலால் எண்ணைவிட நோயாளியைக் கவனியுங்கள். தலைவலி, குமட்டல், குழப்பமான பேச்சு, ஒரு வாக்கியத்தை முடிக்க இயலாத மூச்சிரைப்பு, உதடு நீலம்பூத்தல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் 108ஐ அழையுங்கள்.

மரம் கழிக்க ஆளை அழைப்பவர் நாமாயின், கூலி பேசும்போதே தழையை அகற்றும் செலவையும் சேர்த்துப் பேசிவிடலாம். தடித்த கிளைகள் விறகாகும். வேப்பந்தழை, முருங்கைத்தழைகளை ஆடு வளர்ப்போர் விரும்பி எடுத்துச் செல்வர். தென்னை மட்டைக்கும் கீற்று முடைவோர், துடைப்பம் செய்வோர் உண்டு. நச்சற்ற எஞ்சிய இலைகளை மரத்தடியில் மூடாக்காகப் பரப்பலாம். அதற்கும் மிஞ்சினால், எரிக்குமுன் உள்ளாட்சி அலுவலகத்தில் வண்டி கேளுங்கள். வீட்டில் மூச்சுநோயாளி இருப்பதையும் மறவாமல் குறிப்பிடுங்கள்.